வேகம் வேறு, நேரந்தவறாமை வேறு: இலக்கமுறைக் கட்டுப்படுத்திகள் ஏன் தள்ளாடுகின்றன?

கிழக்கிலங்கையின் சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ ஓரளவு பெரிய அரிசி ஆலைக்குள் போனால், நிறம் பார்த்து அரிசி பிரிக்கும் இயந்திரத்தைக் காணலாம். ஆலைக்காரர்கள் அதைக் கலர் சோட்டர் என்பார்கள். சரிவான தகட்டில் அரிசி வழுக்கி விழும். கீழே கமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுத்த மணி கண்ணில் பட்டால், இன்னும் சற்றுக் கீழே இருக்கும் சின்ன வால்வு திறந்து காற்றை ஊதி, அந்த மணியை மட்டும் வெளியே தள்ளிவிடும்.

அரிசி செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் விழுகிறது என்றும், கமராவுக்கும் வால்வுக்கும் இடையே 3 சென்ரிமீற்றர் தூரம் என்றும் வைத்துக்கொள்வோம். மணி வால்வுக்கு முன்னால் வர 10 மில்லிசெக்கன் எடுக்கும். படத்தை ஆராய்ந்து முடிவெடுக்க 4 மில்லிசெக்கன் போகிறதா? கவலையில்லை, மீதி 6 மில்லிசெக்கன் பொறுத்திருந்து ஊதலாம். 8 போகிறதா? 2 பொறுத்திருந்து ஊதலாம். தாமதம் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். ஆனால் அதே இயந்திரத்தின் ஊதும் நேரம் ஒரு தடவை 9 மில்லிசெக்கனிலும் மறுதடவை 11 இலும் விழுந்தால்? ஒரு மில்லிசெக்கன் தவறினால் 3 மில்லிமீற்றர் தவறும். அது அரிசி மணியின் நீளத்தில் பாதிக்குக் குறையாத தூரம். கறுத்த மணி தப்பிவிடும். பக்கத்தில் வந்த நல்ல மணி கழிவுக்குப் போய்விடும். சராசரி மட்டும் மிகச் சரியாக 10 மில்லிசெக்கனாகவே இருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். கட்டுப்படுத்தி, அதாவது அளந்து பார்த்து இயந்திரத்தை நடத்தும் சிப்பும் அதன் நிரலும், எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதும், எவ்வளவு நேரந்தவறாமல் வேலை செய்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். இலக்கமுறைக் கட்டுப்பாட்டில் சிக்கல் வந்தால் நம்மவர்கள் பெரும்பாலும் முதலாவது கேள்விக்கே பதில் தேடுகிறார்கள். வேகமான சிப் வாங்குகிறார்கள், விலை கூடிய போர்ட் வாங்குகிறார்கள். தள்ளாட்டம் அப்படியே இருக்கிறது.

கலர் சோட்டர் உண்மையில் பின்னூட்டல் தொகுதி அல்ல. அது பார்க்கிறது, ஊதுகிறது, ஊதியதன் விளைவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னூட்டல் தொகுதியில் விவகாரம் இன்னும் சிக்கலானது. அங்கே கட்டுப்படுத்தி செய்த வேலையின் விளைவே அடுத்த அளவீடாகத் திரும்பி வருகிறது. நேரம் தவறிய ஒரு முடிவு அடுத்த முடிவையும் கெடுக்கும்.

பழைய ஆலைகளின் டீசல் எஞ்சின்களைக் கண்டவர்களுக்கு கவர்னர் என்ற உறுப்புப் பழக்கமானது. சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகள், எஞ்சின் வேகம் கூடினால் அகன்று எரிபொருளைக் குறைக்கும். வேகம் இறங்கினால் ஒடுங்கி எரிபொருளைக் கூட்டும். 1788 இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்கு இதைப் பொருத்தினார். 1868 இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இந்தக் கவர்னர்கள் ஏன் சிலவேளை அடங்காமல் அலைகின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்தார். அந்தக் குண்டுகளுக்கு வேறு வேலை கிடையாது. அவை எஞ்சினை இடைவிடாமல் 'பார்த்துக்கொண்டே' இருந்தன. அவற்றின் இடத்தை நுண்கட்டுப்படுத்தி பிடித்தபோது, அளப்பதும் கணிப்பதும் செயற்படுத்துவதும் துண்டு துண்டான நேரங்களில் நடக்கும் வேலைகளாகின. அந்த நேரங்கள் ஒழுங்காக விழாமல் முன்னும் பின்னும் நகர்வதைத்தான் துறைக்காரர்கள் ஜிட்டர் என்கிறார்கள். மக்ஸ்வெல் கண்ட அலைவு இன்னும் நம்முடன் இருக்கிறது. ஜிட்டர் அதற்குமேல் இலக்கமுறை கொண்டுவந்த தனிச் சுமை.

நேரம் நழுவக்கூடிய இடங்கள் மூன்று. உணரியை வாசிக்கும் கணம் முன்பின் ஆகலாம். வாசித்ததற்கும் வெளியீடு போவதற்கும் இடைப்பட்ட கணிப்பு நேரம் மாறலாம். கணித்து முடித்த பெறுமதி மோட்டாரையோ வால்வையோ சென்றடையும் கணம் தாமதிக்கலாம். மூன்றையும் பொதுவாக 'லேட்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் செய்யும் சேதம் வேறு.

வாசிக்கும் கணம் நழுவினால், அளவிலேயே பொய் கலக்கிறது. வேகமாக மாறும் கணியத்தை 100 மைக்ரோசெக்கன் பிந்தி வாசிப்பதும், சரியான நேரத்தில் பிழையான கருவியால் வாசிப்பதும் விளைவில் ஒன்றே. பிழையின் அளவு, கணியம் மாறும் வீதத்தை நேரத் தவறால் பெருக்கினால் கிடைக்கும். நம் வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது. அதை வாசிக்கும் கணம் 100 மைக்ரோசெக்கன் நழுவினால், அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் உச்சப் பெறுமதியின் ஏறத்தாழ 3.1 வீதம் பிழை வரும். அளவை இலக்கமாக்கும் மாற்றியை எத்தனை பிற் துல்லியத்தில் வாங்கிப் பொருத்தினாலும் இந்த 3.1 வீதம் குறையாது. வாசிக்கும் கணியம் மெல்ல மாறும் தண்ணீர் வெப்பநிலையாக இருந்தால் இந்தப் பிழை தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது வகையை விளங்கிக்கொள்ள நம் பாடசாலை ரோபோக்கள் போதும். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கிய பின், கிழக்கிலும் அர்டுயினோ என்ற, நிரல் எழுதி ஓடவிடும் சிறிய போர்டுகளைத் தொட்ட மாணவர்கள் நிறையப் பேர். அவர்கள் அதிகமாகச் செய்வது, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ. பெரும்பாலும் அதன் முகப்பில் தடையைக் கண்டறிய மலிவான மீயொலி உணரி ஒன்றும் இருக்கும். வகுப்பறையில் ரோபோ அழகாக ஓடும். போட்டி மண்டபத்தில் அதே ரோபோ அதே கோட்டில் இடமும் வலமுமாக ஆடும். மின்கலம் புதிது, கோட்டின் அகலமும் அதேதான். ஆசிரியரும் மாணவரும் வெளிச்சத்தைக் குறை சொல்வார்கள். சிலவேளை அது உண்மையாகவும் இருக்கும்.

ஆனால் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: ரோபோவுக்கு முன்னால் என்ன இருக்கிறது? மீயொலி உணரி ஒலியை அனுப்பி, அது திரும்பும்வரை காத்திருக்கிறது. நம் வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு சுமார் 350 மீற்றர். வகுப்பறையில் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் மேசைக் கால் இருந்தால் ஒலி சென்று திரும்ப 1.1 மில்லிசெக்கன் போதும். மண்டபத்தில் 3 மீற்றர் தூரத்தில்தான் சுவர் என்றால் 17 மில்லிசெக்கன் வேண்டும். எதிரொலியே திரும்பாவிட்டால் இன்னும் நீளும். அந்த நேரமெல்லாம் நிரல் அந்த வரியிலேயே நிற்கிறது. கோட்டை யாரும் பார்ப்பதில்லை. ரோபோ செக்கனுக்கு 80 சென்ரிமீற்றர் ஓடினால், 17 மில்லிசெக்கனில் 14 மில்லிமீற்றர் தூரம் குருட்டுத்தனமாகப் போய்விடும். கோட்டின் அகலமே வழக்கமாக 3 சென்ரிமீற்றர் அளவுதான். அதாவது, கட்டுப்படுத்தியின் நேர ஒழுங்கை மண்டபத்தின் சுவர்கள் தீர்மானிக்கின்றன. இதைவிட வேடிக்கையான வடிவமைப்பு வேறு என்ன இருக்க முடியும்?

பிந்துவதோடு சேதம் முடிவதில்லை. இத்தகைய ரோபோக்களில் எழுதப்படும் பிஐடி நிரலில் மூன்று உறுப்புகள் உண்டு: இப்போதைய விலகல், விலகல்களின் கூட்டுத்தொகை, இந்த விலகலுக்கும் முந்தைய விலகலுக்கும் உள்ள வித்தியாசம். மாணவர்கள் எழுதும் நிரல்களில் கடைசி இரண்டும் பெரும்பாலும் நேரத்தைக் கண்டுகொள்வதில்லை. வித்தியாசத்தை அப்படியே எடுக்கிறார்கள், கால ஆயிடையால் வகுப்பதில்லை. நிரலின் ஒரு சுற்று 5 மில்லிசெக்கன் எடுத்தபோது நயங்களை, அதாவது ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கும் எண்களை, திருகிச் சரிசெய்தார்கள் என்றால், அந்த 5 மில்லிசெக்கன் அந்த எண்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிறது. சுற்று 22 மில்லிசெக்கனாக நீண்டதும், இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான வித்தியாசம் 4.4 மடங்காகிறது. வித்தியாச உறுப்பு அதே அளவு பெரிதாகக் குதிக்கிறது. கூட்டுத்தொகையோ செக்கனுக்கு 4.4 மடங்கு குறைவான தடவைகளே சேர்கிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை; ஆனால் ஓடுவது வேறொரு கட்டுப்படுத்தி. சுற்று 5, 22, 5, 22 என்று மாறி மாறி வந்தால் மோட்டார்கள் நடுங்கத் தொடங்கும்.

இதே கதையின் இன்னொரு கிளை, பிழை தேடுவதற்காகச் சேர்க்கும் அச்சிடும் கட்டளை. செக்கனுக்கு 9600 பிற் வீதத்தில் ஓர் எழுத்தை அனுப்ப ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் ஆகும். அர்டுயினோ ஊனோவில் அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளுக்கு 64 பைற் இடம் உண்டு. அது நிரம்பியதும் நிரல் முழுவதும் நின்று காத்திருக்கும். சுற்றுக்கு 30 எழுத்து அச்சிட்டால், மற்ற வேலைகள் எவ்வளவு வேகமாக முடிந்தாலும் சுற்று 31 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காது. அச்சிடும் வரியை வைத்துக்கொண்டு நயங்களைச் சரிசெய்துவிட்டு, போட்டிக்கு முதல் நாள் 'இனித் தேவையில்லை' என்று அந்த வரியை நீக்குபவர்கள் வேறொரு ரோபோவைப் போட்டிக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஆயிடையை அளந்து அதனால் வகுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஊனோவின் மில்லிசெக்கன் எண்ணி உண்மையில் 1.024 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவைதான் நகர்கிறது. மிச்சம் சேர்ந்து சேர்ந்து, ஏறத்தாழ 42 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ஒரே தாவலில் இரண்டு கூடும். 5 மில்லிசெக்கன் சுற்றை இந்த எண்ணியால் அளந்தால், ஒரு எண் தவறுவதே 20 வீதப் பிழை. நேர நடுக்கத்தைத் திருத்தப் போய், இல்லாத நடுக்கத்தைச் சேர்த்ததாகிவிடும். மைக்ரோசெக்கன் எண்ணி 4 மைக்ரோசெக்கன் படிகளில் நகர்கிறது. இந்த வேலைக்கு அதுதான் உகந்தது.

இனி நிலையான தாமதம். கலர் சோட்டரில் அது பொருட்டில்லை என்றேன். பின்னூட்டலில் அப்படியில்லை. அளந்து, கணித்து, செயற்பட்டு, மீண்டும் அளக்கும் சுழற்சியை வளையம் என்போம். அலைவின் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதைப் பாகையில் சொல்வது அவத்தை. எவ்வளவு ஒழுங்கான தாமதமானாலும் அது வளையத்தின் அவத்தையைத் தின்கிறது. வளையம் அடங்காத அலைவுக்குள் விழுவதற்கு முன் கையில் மீதமிருக்கும் பாகைகளை அவத்தை மிகுதி என்று சொல்வோம். ஒரு வளையத்துக்கு அந்த மிகுதி 45 பாகை என்றும், அலைவைப் பெருக்கும் அதன் நயம் ஒன்றாக இறங்கும் மீடிறன் (அலைவின் வேகம்) செக்கனுக்கு 2 சுற்று என்றும் வைத்துக்கொண்டால், 45 ஐ 360 இன் இரண்டு மடங்கால் வகுக்க, 62.5 மில்லிசெக்கன். அவ்வளவுதான் மொத்தச் சேமிப்பு. 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வாசித்து, அடுத்த வாசிப்புவரை வெளியீட்டைப் பிடித்து வைத்திருப்பதே பாதி ஆயிடைத் தாமதத்துக்குச் சமம், 10 போய்விட்டது. உணரியும் கணிப்பும் சேர்ந்து 30 எடுத்தால் 22.5 மிச்சம். நல்ல வடிவமைப்பாளர் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டு, நயத்தைக் குறைத்தோ கட்டுப்படுத்தியை மாற்றியோ தாமதத்துக்கு இடம் ஒதுக்கிவிடுவார். தெரிந்த செலவுக்கு வரவுசெலவில் இடம் உண்டு.

மாறும் தாமதத்துக்கு இந்த வரவுசெலவு செல்லுபடியாகாது என்பதுதான் இந்தத் துறையின் உண்மையான வில்லங்கம். தாமதம் 10 மில்லிசெக்கனாக நிலைத்திருந்தால் வளையம் அடங்குகிறது. 40 ஆக நிலைத்திருந்தாலும் அடங்குகிறது. அப்படியானால் இரண்டுக்கும் இடையே மாறினாலும் அடங்கும் என்று நினைப்பது இயல்பு. அது எப்போதும் உண்மையல்ல. வாசிக்கும் ஆயிடைக்கும் இதே கதைதான். தனித்தனியே உறுதியாக இருக்கும் இரண்டு ஆயிடைகளுக்கிடையே குறிப்பிட்ட ஒழுங்கில் மாறி மாறி ஓடவிட்டால், வளையம் அடங்காமல் வளரும் தொகுதிகளைக் கணிதர்கள் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். காரணம் மாயமில்லை. இடம், வேகம் என்பன போல இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிலைகள் உள்ள தொகுதியில் விலகல் எல்லாத் திசையிலும் ஒரேயடியாகச் சுருங்குவதில்லை. ஒரு திசையில் சற்று நீண்டு, பின்னர்தான் சுருங்கும். நீளும் தறுவாயிலேயே அடுத்த ஆயிடை வந்து, தன் பங்குக்கு இன்னொரு திசையில் நீட்டிவிட்டால், சுருங்கும் வாய்ப்பே கிடைக்காது. தொட்டி மட்டம் போன்ற ஒற்றை நிலை மட்டும் உள்ள எளிய தொகுதியில் இந்த விபரீதம் நடக்காது. அங்கே வேறு ஆபத்து இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அப்படியானால் எவ்வளவு மாறுபாட்டைத் தாங்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் பயனுள்ள பல வேலைகள் சுவீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தன. ஜோஹான் நில்சன் 1998 இல், வலையமைப்பின் ஊடாக வரும் அளவீடுகளில் நேரமுத்திரை இருந்தால், கட்டுப்படுத்தி அந்தத் தாமதத்தை அறிந்து ஈடுசெய்யலாம் என்பதை விரிவாக ஆராய்ந்தார். 2004 இல் காவ், லிங்கன் ஆகிய இருவரும் ஒரு எளிய சோதனையை வெளியிட்டனர். மூடிய வளையம் ஒவ்வொரு மீடிறனையும் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று பாருங்கள். அந்த மடங்கை, மீடிறனின் கோண வேகத்தாலும் (மீடிறனின் 2π மடங்கு) தாமத மாறுபாட்டின் உச்ச அளவாலும் பெருக்கினால் விடை எங்கும் ஒன்றைத் தாண்டக்கூடாது. தாண்டாவிட்டால், தாமதம் பூச்சியத்துக்கும் அந்த உச்சத்துக்கும் இடையே எப்படித் துள்ளினாலும் வளையம் அடங்கும். உதாரணமாக, செக்கனுக்கு 2 சுற்றில் வளையம் 1.5 மடங்கு துருத்திக்கொண்டு நின்றால், அந்த மீடிறன் மட்டும் விதிக்கும் எல்லை ஏறத்தாழ 53 மில்லிசெக்கன். அதே துருத்தல் செக்கனுக்கு 10 சுற்றில் என்றால் சுமார் 10.6 மட்டும்.

இந்தச் சோதனை சற்றுப் பயந்த சுபாவமுடையது; அது தடுக்கும் சில வளையங்கள் நடைமுறையில் நன்றாகவே ஓடும். ஆனாலும் அதிலிருந்து கிடைக்கும் பாடம் கூர்மையானது. துடிப்பாக, விறைப்பாகத் திருகப்பட்ட வளையமே நேரத் தவறுக்கு அதிகம் அஞ்சவேண்டியது. சோம்பேறியான வளையம் எதையும் பொறுத்துக்கொள்ளும்.

அதனால்தான் ஜிட்டர் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டவுடன் எல்லா இடத்திலும் அதைத் தேடுவதும் வீண். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியின் வெப்பநிலை நிமிடக் கணக்கில் நகரும் விடயம். அங்கே பரவலாகப் பயன்படும் மூன்று கம்பி இலக்கமுறை வெப்ப உணரி, தன் உச்சத் துல்லியத்தில் ஒரு வாசிப்பைத் தரவே 750 மில்லிசெக்கன் வரை எடுக்கும். அதற்குமேல் நிரல் அரைச் செக்கன் தடுமாறினாலும் முட்டைக்குத் தெரியப்போவதில்லை. நெல் உலர்த்தியும் அப்படியே. குறிப்பிட்ட மட்டத்தில் பம்பியை இயக்கி மறுமட்டத்தில் நிறுத்தும் சாதாரண ஓன்–ஓஃப் கட்டுப்பாட்டிலும் பெரிய ஆபத்தில்லை. எனக்கு வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவை. உணரி தளர்வாகப் பொருத்தப்பட்டிருக்கும், ஈரம் ஏறியிருக்கும். பழி நிரலின் நேரத்தின் மேல் விழும். வளையம் எழுந்து நிலைக்கு வர எடுக்கும் நேரத்துக்குள் 4 முதல் 10 வாசிப்புகள் வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. அந்த ஆயிடையில் நூற்றில் சில பங்கு நழுவினால் விட்டுவிடலாம். பத்தில் சில பங்கு நழுவினால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும்.

நேரம் ஏன் நழுவுகிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே செயலியில் பல வேலைகள் ஓடி ஒன்றை மற்றொன்று இடைமறிக்கின்றன. சாதாரண இயக்க முறைமையில் '10 மில்லிசெக்கன் தூங்கு' என்றால் 'குறைந்தது 10' என்றே பொருள். அதோடு வேலை செய்த 3 மில்லிசெக்கனும் சேர்ந்து சுற்று 13 ஆகும். ஆலைகளில் உள்ள பிஎல்சிகள் (இயந்திரங்களை நடத்தும், நிரல் எழுதக்கூடிய கட்டுப்படுத்திப் பெட்டிகள்) உள்ளீட்டை வாசித்து, நிரலை மேலிருந்து கீழ்வரை ஓடி, வெளியீட்டை எழுதிச் சுற்றுகின்றன. நிரலின் எந்தக் கிளை ஓடியது என்பதைப் பொறுத்துச் சுற்று நேரம் மாறும். வைஃபை ஒரு பொதி தொலைந்தால் மறுபடி அனுப்பும். வாகனங்களில் உள்ள கேன் இணைப்பில் முன்னுரிமை கூடிய செய்தி முந்திக்கொள்ளும், மற்றது காத்திருக்கும்.

பரிகாரங்களில் எனக்குத் தெளிவான விருப்புவெறுப்பு உண்டு. முதலாவது, உணரியை வாசிப்பதை வன்பொருள் நேரங்காட்டியிடம் ஒப்படைக்கவேண்டும். சுற்றின் முடிவில் காத்திருக்கும் கட்டளை வைப்பது நேரக்கட்டுப்பாடே அல்ல. பிஎல்சியிலும் பிஐடி பகுதியைப் பொதுச் சுற்றில் விடாமல், குறித்த ஆயிடையில் எழுப்பப்படும் தனிப்பகுதிக்குள் வைக்கலாம். அநேகமாக எல்லா நடுத்தரப் பிஎல்சிகளிலும் அந்த வசதி இருக்கிறது, ஆனால் தேடிப் பயன்படுத்துவோர் குறைவு. இரண்டாவது, கணிப்பை இரண்டாகப் பிரிப்பது. புதிய அளவீட்டைக் கொண்டு வெளியீட்டைக் கணித்து உடனே அனுப்பிவிட்டு, கூட்டுத்தொகையைப் புதுப்பிப்பது, பதிவு செய்வது, திரையில் காட்டுவது எல்லாவற்றையும் பிறகு செய்வது. செலவு எதுவுமில்லாத மாற்றம் இது. ஈஎஸ்பி32 போன்ற இரட்டைக் கரு சிப்களில் வைஃபை வேலை வழக்கமாக ஒரு கருவில் ஓடும். கட்டுப்பாட்டை மற்றக் கருவில் வைத்தால் பெருமளவு நிம்மதி.

மூன்றாவது பரிகாரம் சர்ச்சைக்குரியது. கணித்த வெளியீட்டை உடனே அனுப்பாமல், அடுத்த நேரத் துடிப்புவரை வேண்டுமென்றே பிடித்து வைத்திருந்தால், தாமதம் எப்போதும் சரியாக ஓர் ஆயிடையாகிவிடும். மாறும் தாமதம் ஒழிந்து நிலையான தாமதம் வந்துவிடும். அதைக் கணக்கில் சேர்த்து வடிவமைக்கலாம். பாடநூல் வாசித்தவர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் கணிப்பு வழக்கமாக 2 மில்லிசெக்கனில் முடிந்து, எப்போதாவது 6 ஆகும் ஓரிடத்தில், 20 மில்லிசெக்கன் காத்திருப்பது பெரும்பாலும் நட்டம். சின்ன நடுக்கத்தைத் தவிர்க்கப் பெரிய தாமதத்தை வாங்குகிறோம். மாறுபாடு ஆயிடையோடு ஒப்பிடத்தக்க அளவு பெரிதாகும்போதுதான் இந்த வியாபாரம் கட்டும்.

ராஸ்பெரி பை மாதிரியான லினக்ஸ் போர்டில் நேரடியாக மோட்டார் வளையத்தை ஓட்டலாமா என்று கேட்பவர்கள் அதிகம். நிகழ்நேர வேலைக்கான திருத்தங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டு காலம் தனியாகப் பராமரிக்கப்பட்டு, 2024 இல் வெளிவந்த 6.12 ஆம் பதிப்பில்தான் முழுமையாக லினக்ஸின் மூலக்கருவுக்குள் சேர்ந்தன. அவற்றோடு பல வளையங்களை ஓட்டலாம். எனினும் 1000 ரூபா, 2000 ரூபா சிப் ஒன்று அந்த வேகமான வளையத்தை மட்டும் பார்த்துக்கொள்ள, போர்டு மேலிருந்து இலக்கை மட்டும் சொல்லும் ஏற்பாடு எனக்கு நம்பிக்கையானது.

எந்தப் பரிகாரத்துக்கும் முன் அளக்கவேண்டும். சுற்றுத் தொடங்கும்போது ஒரு முனையை உயர்த்தி, முடியும்போது தாழ்த்தி, அலைவுகாட்டியில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தக் கருவி இல்லாதவர்கள் நிரலிலேயே மிக நீண்ட சுற்றையும், வரம்பு மீறிய சுற்றுகளின் எண்ணிக்கையையும் சேமிக்கலாம். அம்பாறை வயல்களில் மருந்து தெளிக்க வரும் ட்ரோன்களைப் போன்ற பல சுழலிகளுக்கு எழுதப்பட்ட ஆர்டுபைலட் என்ற திறந்த மூல மென்பொருள், தன் முதன்மைச் சுற்றை வழக்கமாக செக்கனுக்கு 400 தடவை ஓடுகிறது. அதாவது 2.5 மில்லிசெக்கனுக்கு ஒன்று. பறப்புப் பதிவேட்டில் அது எழுதி வைப்பவற்றுள், எத்தனை சுற்றுகள் நீண்டுவிட்டன, அவற்றுள் மிக நீண்டது எவ்வளவு என்பனவும் உண்டு.

கடைசியாக, தொலைவிலிருந்து அளவீடு வரும் இடங்கள். கடலோர மணலில் குழாய்க் கிணறு ஒரு பக்கம், உயரத் தொட்டி வேறு பக்கம். இடையே வானொலி இணைப்பு. தொட்டியின் மட்டத்தை 10 செக்கனுக்கு ஒருமுறை அறிந்து, குறையும் அளவுக்கேற்பப் பம்பியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்படுத்தி ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம் என்று கொள்வோம். ஒவ்வொரு 10 செக்கனிலும் குறை பாதியாகும்படி நயம் வைத்திருக்கிறோம்: 10 சென்ரிமீற்றர் குறைந்தால் அடுத்து 5, அடுத்து 2.5. கச்சிதமான நடத்தை. இப்போது 10 சென்ரிமீற்றர் குறை என்ற செய்தி வந்த பிறகு, மழை இருட்டில் அடுத்த நான்கு செய்திகளும் தொலைந்துபோகின்றன. பம்பி கடைசியாகக் கேட்ட கட்டளையை 50 செக்கன் விடாமல் நிறைவேற்றும். 10 செக்கனில் 5 சென்ரிமீற்றர் ஏற்றியது, 50 செக்கனில் 25 ஏற்றும். குறை 10 இருந்த தொட்டி, இலக்குக்கு மேல் 15 ஆகி வழியும். நூறு ஆயிடைகளில் ஒன்று மட்டும் இப்படி நீண்டதென்றால் சராசரி 10.4 செக்கன். அந்த 10.4 ஐப் பார்த்து யாரும் தொட்டி வழிந்ததை ஊகிக்க முடியாது.

நயத்தைக் காற்பங்காக்கினால் 50 செக்கன் அமைதியிலும் 6.25 சென்ரிமீற்றர்தான் ஏறும், வழியாது. ஆனால் 10 செக்கனில் பாதியாகிய குறை, பாதியாக 50 செக்கனுக்கு மேல் எடுக்கும். அபூர்வமாக நடக்கும் ஒரு துண்டிப்புக்காக, எல்லா நாளும் தொட்டி மந்தமாக நிரம்பவேண்டுமா? தேவையில்லை. பழைய செய்திக்கு ஆயுள் குறித்துவிடலாம். வாசிப்பு வந்து 15 செக்கனுக்குள் அடுத்தது வராவிட்டால் பம்பி நிற்கட்டும். 15 செக்கனில் ஏறுவது 7.5 சென்ரிமீற்றர், தொட்டி 2.5 குறைவாக நின்று, இணைப்பு திரும்பும்வரை காத்திருக்கும். ஒவ்வொரு செய்தியோடும் அளந்த நேரத்தையும் சேர்த்து அனுப்பினால், வரிசையில் சிக்கிப் பிந்தி வரும் பழைய வாசிப்பைப் புதியதென்று நம்பும் ஆபத்தும் போகும். இரண்டுக்கும் சேர்த்து நிரலில் பத்து வரி ஆகாது.